மீசை எடுத்த வகையில் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெரம்பலூர்,
2.7.2003

மரியாதைக்குரிய சம்பந்தி திரு. பூமாலை அவர்களின் சமூகத்திற்கு, பெரம்பலூர் தர்மராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நானும் பஞ்சவர்ணமும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் மஞ்சுவும் நலமாக இருப்பதை, தாங்கள் எழுதாவிட்டாலும், மஞ்சு போனில் அவள் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொல்ல, அந்த வகையில் அறிந்தேன். இங்கு மழை இல்லை. அங்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

சென்ற மாதம் எட்டாம் தேதி தங்கள் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று நடந்தவற்றில் தாங்கள் நேரில் கண்டது வாசலில் நடந்த ஏழெட்டு நிமிடம் மட்டுமே. அதற்கு முன்பு நடந்ததும் பின்பு நடந்ததும் தங்களுக்குப் பலர் வாயிலாக வந்து சேர்ந்திருக்கும். பலரும் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். ஆவணியில் மறுபடி பால் காய்ச்ச நாள் பார்த்திருப்பதாகவும், இந்த முறை அழைப்பு அளவாக இருக்கும் என்று தாங்கள் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் இருந்தவன் என்பதால் அளவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்குள் நான் இல்லை என்பதும் தெரிந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி தங்கள் பார்வைக்கு வைக்கிறேன், அவ்வளவுதான்.

நான் பழைய ஷேவிங் செட்டுகளைச் சேர்ப்பவன் என்பது தங்களுக்குத் தெரியாது. பெண் கொடுக்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றால், அப்போது அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. சென்ற வருடம் ஓய்வு பெற்றபின், கேட்டுக்கு ஒரு கீல் தேடி துறையூர் ரோட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கீல் கிடைக்கவில்லை. துருப்பிடித்த நட்டுகளுக்கு நடுவில் பித்தளையில் ஒரு ஷேவிங் செட் கிடந்தது. மூன்று பாகமாகக் கழலும் பழைய மாடல், இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு போடுவது. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, புளி போட்டுத் தேய்த்து, புதுப் பிளேடு ஒன்றை மாட்டி முகத்தை மழித்தேன். மழித்த பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். அரசுப் பணியில் இருந்தவரை எனக்கு அப்படி ஒரு கன்னம் இருந்ததாக நினைவில்லை. அதன் பிறகு துறையூர், ஜெயங்கொண்டம், லால்குடி என்று பஸ் போகும் ஊர்களில் எல்லாம் பழைய இரும்புக் கடை எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு வருடத்தில் முப்பது சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் சர்வே நம்பர் கொடுத்து முறுக்கு டின்னில் வைத்தேன். முறுக்கு எங்கே வைப்பது என்று பஞ்சவர்ணம் கேட்டாள். அந்தத் தீபாவளிக்கு அவள் முறுக்கு சுடவில்லை. நாளுக்கு ஒன்றாக முறை வைத்து உபயோகிப்பேன். முப்பத்தொன்றாம் தேதி வருகிற மாதங்களில் அன்றைக்கு மட்டும் முறைக்கு ஆள் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மே மாதக் கடைசியில் லப்பைக்குடிகாடு போனேன். எல்லாம் அங்கிருந்து ஆரம்பித்தது.

லப்பைக்குடிகாட்டில் நிஜாமுதீன் என்று ஒருவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே பட்டா அளவைக்குப் போன காலத்திலிருந்தே பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு சிறிய பெட்டியைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் வெள்ளி போல ஒன்று. அடியில் இருந்த திருகைச் சுற்றினால் தலையில் இரண்டு கதவு திறந்தது, பிளேடை வைத்து மூடிவிடலாம். அதன் கழுத்தில் ஒரு வளையம், அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள். எண் கூடக் கூட பிளேடு கூடுதலாக வெளியே தலை நீட்டும். "எங்க மாமா பஹ்ரைன்லேர்ந்து கொண்டாந்தது சார். அவுரு தாடி வச்சதுக்கப்புறம் அலமாரியிலயே கெடக்கு, எடுத்துட்டுப் போங்க. ஒன்னே ஒன்னு, நம்பரு ஏற ஏற இதுக்குக் கோவமும் ஏறும். மூணுக்கு மேல போயிடாதீங்க, இன்ஷா அல்லாஹ் ஒன்னும் ஆவாது" என்றார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல்நாளே பஞ்சவர்ணம் சீர்வரிசையோடு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுத்தவர் வீட்டுக் குழாயடியில் நின்று மழித்துக்கொள்ள எனக்கு வராது என்பதால் நான் மறுநாள் காலை பஸ்ஸில் வருவதாகச் சொல்லி இங்கேயே தங்கிக்கொண்டேன். சம்பந்தி வீட்டு விசேஷம், முகம் திருத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்றில் கன்னம் நன்றாக வந்தது. மூன்றிலேயே இப்படி என்றால் ஒன்பதில் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனை வந்திருக்கக் கூடாது. ஒன்பதில் வைத்து மூக்குக்குக் கீழே ஓரத்தைத் திருத்தப் போனேன். ஒரே இழுப்பு. மீசையில் இடது பாதி சோப்பு நுரையோடு குழாயடியில் கிடந்தது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை, வலியும் இல்லை. வேலை அவ்வளவு சுத்தம். வலது பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தேன். எல்லைகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதையும் எடுத்தேன். பிறகு படிகாரம் தடவி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெள்ளை வேட்டி கட்டி, அந்தச் செட்டையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மீசை வைத்து முப்பத்து நாலு வருடம் ஆகியிருந்தது. மேலுதட்டில் காற்று பட்டது எனக்குப் புதிதாக இருந்தது.

பஸ்ஸில் மருதை ஏறினான். என்னிடம் பதினெட்டு வருடம் அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேனாக இருந்தவன். அவனும் தங்கள் விசேஷத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தான், அழைப்பிதழ் கொடுத்ததே நான்தான். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"ஐயா, எப்பங்கய்யா?"

"காலையிலதான்ப்பா. ஆறரை இருக்கும்."

"ரொம்ப இழுத்துக்கிட்டு கெடந்துச்சுங்களா?"

"இல்லப்பா, ஒரே இழுப்பு. போயிடுச்சு."

"அதுவும் நல்லதுதானுங்க, கஷ்டப்படல. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சுங்களா?"

"இதையெல்லாம் போயி எதுக்குச் சொல்லிக்கிட்டு? பாக்கயில அவங்களே தெரிஞ்சுக்கப் போறாங்க."

மருதை என் கையை விட்டுவிட்டான். "இப்ப எங்கய்யா போறீங்க?" என்றான். "கிரகப்பிரவேசத்துக்குத்தான், வேற எங்க?" என்றேன். அவன் அரியலூர் வரை வராமல் பேரளியிலேயே இறங்கிவிட்டான். அங்கே எஸ்.டி.டி. பூத்துக்குள் அவன் நுழைவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். வீட்டுக்குத்தான் பேசுகிறான் என்று நினைத்தேன். அழைப்பிதழின் அடியில் தங்கள் தொலைபேசி எண் இருப்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒரு மனிதன் மீசையை எடுத்துவிட்டு, தலையில் ஈரத்தோடு, வெள்ளை வேட்டியில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அது என் மீசை. மற்றவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அரியலூரில் இறங்கித் தங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ரேடியோ செட்டில் பாட்டு நின்றிருந்தது. தாங்கள் வாசலுக்கு வெளியே வந்து, வாழைமரத்தடியில் என்னை நிறுத்தினீர்கள். "சம்பந்தி, இந்த நெலமையில நீங்க வந்திருக்க வேணாம்" என்றீர்கள். தாங்கள் மீசை விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பானவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. "வராம இருந்தா நல்லா இருக்குமா சம்பந்தி? துண்டால மறைச்சுக்கிட்டு ஓரமா உக்காந்துக்கிறேன்" என்றேன். தாங்கள் குரலைத் தாழ்த்தி, "எடுத்தாச்சா?" என்றீர்கள். "எடுத்தாச்சு. ரெண்டு பக்கமும் எடுத்தாச்சு" என்றேன். "ரெண்டு பக்கமுமா? எங்க வச்சு?" என்றீர்கள். "வூட்லதான், குழாயடியில" என்றேன். தாங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தாங்கள் கேட்டது சுடுகாட்டுக்கு எடுத்தாயிற்றா என்பது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு தாங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று இன்றுவரை தங்களைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் மஞ்சு உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அடுப்பில் பால் வைத்த கையோடு வந்திருப்பாள் போல, புடவைத் தலைப்பில் கரி இருந்தது. "தாத்தா போயிட்டாருன்னு பேரளியிலேர்ந்து போன் வந்துச்சேப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க" என்று அழுதாள். சம்பந்தி, இந்த இடத்தைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நான் ஏமாற்றினேன் என்று தங்கள் தரப்பில் ஒரு பேச்சு இருப்பதாகத் தெரிகிறது. என் தகப்பனார் அங்கமுத்துவுக்கு எண்பத்து மூன்று வயது. செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் தம்பி வீட்டோடு இருக்கிறார். அவர் இறந்துவிட்டார் என்று மஞ்சு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. போன் வந்திருக்கிறது, ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று நினைத்தேன். வாழைமரத்தடியில் நான் உட்கார்ந்துவிட்டதும், வாய்விட்டு அழுததும் அதனால்தான். அந்த அழுகையில் பொய் கிடையாது. காலையில் தெரியாமல் எடுத்த மீசை எதற்காக எடுக்கப்பட்டது என்பது அந்த நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது போலவும் இருந்தது. தாங்கள்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்துச் சோடா உடைத்துக் கொடுத்தீர்கள். அடுப்பை அணைக்கச் சொல்லி, சமையலுக்குச் சாமான் ஏற்றிவந்த வேனையே காலி பண்ணி, மாலை வாங்கிவர ஆள் அனுப்பினீர்கள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் மறக்க மாட்டேன்.

வேனில் எங்கள் இருவரோடு சேர்த்துப் பதினைந்து பேர், ஒரு மாலை. பெரம்பலூர் தாண்டும்வரை பஞ்சவர்ணமும் எல்லோரோடும் சேர்ந்து அழுதுகொண்டு வந்தாள். ஆலத்தூர் கேட்டில் வண்டி திரும்பும்போது அழுகையை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஏங்க, மாமா போன விசயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மஞ்சு சொல்லித்தான்."

"அப்ப மீசைய எப்ப எடுத்தீங்க?"

"காலையில."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கு மேல் அவள் அழவில்லை, எனக்கு விளக்கவும் இல்லை. வேனைத் திருப்பச் சொல்லியிருக்கலாமே என்று பின்னாளில் கேட்டேன். "எனக்கும் நிச்சயமாத் தெரியலல்ல, மாலை வேற வாங்கியாச்சு" என்றாள்.

எங்கள் ஊரில் வண்டி நின்றபோது அப்பா வாசலில் விதை வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தார். மஞ்சுவும் நாங்களும் கடைசி சீட்டில் இருந்ததால் உடனே இறங்க முடியவில்லை. முன்னால் இறங்கிய தங்கள் வீட்டுப் பெண்கள் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கும் அவர் வரவில்லை, அப்போது வெங்காய அறுவடை. அவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அவரைச் சுற்றி நின்று அழ ஆரம்பித்தார்கள். அப்பா வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார்.

"யாரும்மா நீங்க? யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?"

"அங்கமுத்துப் பெரியவரு வூட்டுக்குங்க. தவறிட்டாருன்னு சொன்னாங்க."

"அப்புடியா? எப்ப?"

"காலையில ஆறரைக்குங்க."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஆறரைக்கு நான் கஞ்சியில்ல குடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அழுகை நின்றது. யார் அதை முதலில் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை, ஆனால் ஒரே நேரத்தில் நின்றது. நான் அப்போதுதான் இறங்கினேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், மறுபடி என் மேலுதட்டைப் பார்த்தார். "ஏன்டா, நான் செத்தா மொதல்ல எனக்கில்ல சொல்லியிருக்கணும்?" என்றார். பஞ்சவர்ணம் வேனுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தாள். அவள் மட்டுமல்ல, தங்கள் வீட்டார் பதின்மூன்று பேரில் மஞ்சுவைத் தவிரப் பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். மாலையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பாவே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "ஆளு இருக்கயிலயே போட்டாத்தான இது என்னா கனம்னு தெரியும்" என்றார். பிறகு வெங்காயம் அடைத்து வைத்திருந்த பட்டறையைத் திறந்து வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு இரண்டு படி வெங்காயம் கட்டிக் கொடுத்தார். துக்கத்துக்குப் போன வேன் தங்கள் வாசலுக்கு வெங்காயத்தோடு திரும்பியது அப்படித்தான். அதற்குள் நேரம் தவறிவிட்டது என்பதும், பால் திரிந்துவிட்டது என்பதும் உண்மை. பால் திரிந்தது வெயிலால் என்று நான் கருதுகிறேன்.

நானும் பஞ்சவர்ணமும் அங்கேயே தங்கிவிட்டோம். சாப்பிட்ட பிறகு அப்பா, "எதுலடா எடுத்த?" என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் தெருவுக்கு அந்தக் காலத்தில் சவரத் தொழிலாளி யாரும் வரமாட்டார், போனாலும் நமக்குச் செய்யமாட்டார், அது தங்களுக்கும் தெரிந்ததுதான். பட்டாளத்திலிருந்து திரும்பிய சின்னப்பன் என்பவர் ஒரு ஷேவிங் செட் கொண்டுவந்தாராம். தெருவில் முப்பது வீட்டு ஆம்பிளைகளுக்கும் அது ஒன்றுதான், ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்பார்களாம். "அன்னைக்குத்தான் என் மூஞ்சிய நானே தொட்டு மழிச்சேன். மீசைய மட்டும் வுட்டுட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. மறுநா களத்துல பண்ணைக்காரரு ஒன்னும் கேக்கல, பாத்தாரு. சாயங்காலமே எடுத்துட்டேன்" என்றார். எனக்கு வேலை ஆர்டர் வந்த அன்று, மீசை வளருடா என்று அவர் சொன்னது எனக்கு நினைவு இருந்தது. ஏன் சொன்னார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவருக்கு முகம் நான்கு நாள் மழிக்காமல் இருந்தது. "எனக்கும் ஒருக்கா போட்டு வுடு, பாப்போம்" என்றார். ஒன்றில் வைத்து மழித்துவிட்டேன். தாடையில் தோல் மடிந்திருந்ததால் இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செய்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் அதுவரை தொட்டதில்லை.

ஆகவே சம்பந்தி, இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தங்களுக்கு ஏற்பட்ட சங்கடத்துக்கு மனதார வருந்துகிறேன். மஞ்சு என்னிடம் பேசி மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது, "மீசைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா?" என்றாள். யாரும் மீசை என்று கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. அவளிடம் இதைத் தாங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள். மீசையைப் பொறுத்தவரை, மறுபடி வளர விட்டு இருபத்து நான்கு நாள் ஆகிறது, வளர்ச்சி திருப்தியாக இருக்கிறது. ஆவணிக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும் என்று உறுதி கூறுகிறேன். தங்கள் வாசலில் இனி நான் மீசை இல்லாமல் வந்து நிற்கமாட்டேன்.

புதுவீட்டில் தாங்களும் சம்பந்தியம்மாளும் பிள்ளைகளும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கத்தையும் சிறியவர்களுக்கு ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
அ. தர்மராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிக் கவரில் போட்டு இரண்டு நாள் ஆகிறது. நேற்று அப்பா பஸ் ஏறி இங்கே வந்துவிட்டார். முளைத்து வந்த மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னேன்னுதான வச்ச? முப்பத்து நாலு வருசம் எனக்காவ சொமந்துட்ட. அது போதும், இனிமே உம்மூஞ்சிக்கு எது புடிக்குதோ அதச் செய்யி" என்றார். இன்று காலை நானாகவே எடுத்துவிட்டேன். எனவே மீசை குறித்து மேலே கொடுத்த உறுதியை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஆவணியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். யாராவது துக்கம் கேட்டால் அவரையே காட்டிவிடலாம்.